துண்டுக்கடியில் ஓர் அட்மிஷன்

மனிதர்களைவிட மாடுகளிடம் அதிக மரியாதையாகப் பேசிய ஒரே ஆசாமியை நான் திருப்பூர்ப் பக்கத்தில்தான் பார்த்தேன். அந்த ஊரில் மனிதர்களிடமே சொல்லுக்குச் சொல் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். மாட்டுக்கு எவ்வளவு போட்டிருப்பார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஏனுங்க லட்சுமியம்மா, சித்தே நவுந்துக்குங்க. பையன் உங்க காலடியில நிக்கறானுங்க" என்பார். பள்ளிக்கூடத்துப் பசுவான லட்சுமியும் நகர்ந்துகொள்ளும். அதே பையனை நகர்ந்து உட்காரச் சொல்லி நான் தொண்டை கிழியக் கத்துவேன், அசைய மாட்டான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத்தன்று மட்டும் காதில் விழும். மற்ற நாளெல்லாம் அவர் சாணி வாத்தியார்தான். அறுபதுகளில், மங்கலம் போகும் சாலையில் இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் அவர் விவசாயமும் கால்நடையும் சொல்லிக்கொடுத்தார். நான் தஞ்சாவூரிலிருந்து போய்ச் சேர்ந்த கணக்கு வாத்தியார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் நாங்களெல்லாம் சலவைச் சட்டையில் வருவோம். அவர் சைக்கிளில் முன்னால் கத்தரி நாற்று தொங்கும், பின்னால் கூடையில் கோழி உட்கார்ந்திருக்கும். ஒரு வருஷம் அந்தக் கோழியை ஆசிரியர் அறை அலமாரியில், உலக உருண்டைக்குப் பக்கத்தில் அடைக்கு வைத்துவிட்டார். பூகோள வாத்தியார் உருண்டையை எடுக்கப் போய்க் கையில் கொத்து வாங்கினார்.

"பொறுத்துக்குங்க சார், அவங்க பிள்ளைப்பேறு லீவுல இருக்காங்க" என்றார் சாணி வாத்தியார். குஞ்சு பொரிக்கும்வரை பூமி உருண்டை என்பதைப் பூகோள வாத்தியார் ஒரு பூசணிக்காயை வைத்துத்தான் நடத்தினார்.

புது வகுப்பின் முதல் பாடத்துக்குப் புத்தகம் கிடையாது. ஒரு கூடைச் சாணியை நடுவில் வைத்து எல்லோரையும் கைவிடச் சொல்வார். மூக்கைப் பொத்துகிறவனிடம், "கண்ணு, மூக்கை விட்டுப்போட்டுக் கையக் குடு. அதே கைதான் நாளைக்குச் சோத்தப் பெசையோணும்" என்பார். பனியன் கம்பெனிகளிலிருந்து வெட்டுத் துணியை அள்ளிவந்து, மார்கழிக் குளிருக்குக் கன்றுக்குட்டிக்குப் பனியன் தைக்க வைத்தவரும் அவர்தான். கன்று அதைப் போட்டுக்கொண்டு கடைவீதிவரை போய் வந்தது. கம்பெனிக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

இப்படி ராஜாங்கம் நடத்திக்கொண்டிருந்தவருக்கும் சோதனை வந்தது. நேற்றுவரை ஏர் பிடித்தவர்களெல்லாம் பனியன் கம்பெனி முதலாளி ஆகிக்கொண்டிருந்த காலம் அது. "மாடு மேய்க்க எதுக்குங்க பள்ளிக்கூடம்? என்ற பையன் டைப் அடிக்கட்டுமுங்க" என்றார்கள். இந்த வருஷம் பெஞ்சு நிரம்பாவிட்டால் விவசாயப் பிரிவை மூடிவிட்டு, மாட்டுக் கொட்டகையில் டைப்ரைட்டிங் மிஷின் இறக்கப்போவதாக ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். சாணி வாத்தியார் லட்சுமியிடம் போய் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

பள்ளி திறந்தது. அட்மிஷனுக்காகப் பெற்றோர் வெள்ளையும் சொள்ளையுமாக வராந்தாவில் வரிசை கட்டினார்கள், எல்லாம் டைப்ரைட்டிங்குக்கு. நடுவில் காதர்பேட்டை பனியன் வியாபாரி ஒரு பாய், தன் மகள் பாத்திமாவுக்கு டி.சி. வாங்க வந்து நின்றார். விவசாய வகுப்பின் கெட்டிக்காரி அவள். சாணி வாத்தியார் முகம் செத்துப்போயிற்று.

அந்த நேரம் பார்த்துக் கொட்டகையில் லட்சுமிக்குப் பிரசவ வலி கண்டது.

வரிசை கலைந்தது. மாடு கன்று போடுகிறது என்றால் எந்தக் கொங்குநாட்டுக்காரர் வரிசையில் நிற்பார்? அத்தனை முதலாளிகளும் கொட்டகையில்! ஒரு குளம்புதான் வெளியே தெரிந்தது. இன்னொரு முன்னங்கால் உள்ளே மடங்கிக்கொண்டிருந்தது. "கயிறு கட்டி இழுங்க" என்றார் ஒருவர். "இழுத்தா ரெண்டும் போயிருமுங்க" என்றார் இன்னொருவர். இதற்கிடையில் இரண்டு பேர் ஓரமாகப் போய், ஒரு துண்டைப் போட்டுக் கையை மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன செய்கிறார்கள்?" என்று பூகோள வாத்தியாரைக் கேட்டேன்.

"வெலை பேசறாங்க. துண்டுக்குள்ள எத்தன வெரலப் புடிக்கறாங்களோ அதுதான் வெலை. மத்தவங்களுக்குத் தெரியப்படாது பாருங்க."

"எதற்கு விலை?"

"பொறக்கப்போற கன்னுக்குத்தான்!"

சாணி வாத்தியார் எழுந்து நின்று கைகூப்பினார். "பெரியவங்கெல்லாம் நெம்ப மன்னிக்கோணும். இங்க கிளாஸ் நடக்குதுங்க. புள்ளைங்களத் தவுத்து ஆரும் கை வெக்கக் கூடாதுங்க." பிறகு திரும்பி, "என்ற கை தடி. உன்ற கைதான் சன்னம். வா கண்ணு" என்றார் பாத்திமாவிடம்.

அவள் அப்பாவைப் பார்க்கவேயில்லை. முழங்கைக்கு மேல்வரை சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவிக்கொண்டாள்.

"அவசரப்படாதே. லட்சுமியம்மா முக்கறப்ப நிறுத்திக்கோ, விட்டப்பறம் கன்னை உள்ள தள்ளு. குளம்பு குத்தாம உள்ளங்கையில மூடி முன்னால கொண்டா."

பாத்திமா கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். டி.சி. வாங்க வந்த பாய் வாயைத் திறந்தபடி நின்றார். "கெடச்சிருச்சு சார்!" என்று அவள் கத்தினாள். இரண்டாவது குளம்பு வந்தது, பின்னாலேயே மூக்கு வந்தது, பிறகு கன்று மொத்தமும் அவள் மடியில் வழுக்கி விழுந்தது. மூக்கைத் துடைத்துவிட்டதும் அது தும்மியது பாருங்கள், முதலாளிகள் விசிலே அடித்தார்கள். மாட்டின் வாலைக்கூடத் தொடாத எனக்கும் நெஞ்சு விம்மியது. என் பள்ளிக்கூடத்துப் பெண் அல்லவா!

"கன்னு என்ன வெலைங்க?" என்று நாலைந்து பேர் சூழ்ந்தார்கள்.

"விக்கறதில்லீங்க. உங்க பசங்களச் சேத்துங்க, அவங்களே வளத்தட்டும்" என்றார் சாணி வாத்தியார். அன்று மத்தியானத்துக்குள் பெஞ்சு நிரம்பியது. டைப்ரைட்டிங் மிஷின்களுக்கு ஹெட்மாஸ்டர் வராந்தாவில் தட்டி கட்டினார்.

பாய் மட்டும் நகராமல் நின்றார். சாணி வாத்தியார் அவரிடம் போய், தோள் துண்டை எடுத்து இருவர் கைமேலும் போட்டார். துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளிடம், "கையக் கழுவிட்டு கிளாசுக்குப் போம்மா" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

என்ன பேசி முடித்தார்கள்? சாணி வாத்தியார் ஓய்வு பெறும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். சிரிப்பாரே தவிர சொல்ல மாட்டார். இதற்குள் பாத்திமா கால்நடை மருத்துவம் படிக்கப் போயிருந்தாள்.

பிரிவுபசார நாளில் கடைசித் தடவையாகக் கேட்டேன். என் கையைப் பிடித்து அதன்மேல் துண்டைப் போட்டார்.

"நான் ரெண்டு வெரலப் புடிச்சனுங்க, இன்னும் ரெண்டு வருசம் உடுங்கன்னு. பாய் என்ற முழுக் கையவும் புடிச்சுட்டாருங்க. அதுக்கு என்ன வெலைன்னு எந்தச் சந்தையிலயும் கிடையாதுங்க சார்."

சொல்லிக்கொண்டே அவரும் என் முழுக் கையைத்தான் பிடித்திருந்தார். அவர் ஊருக்குப் போகும் பஸ் வந்து ஹாரன் அடித்தது. நான் விடவில்லை.