ஒரே வாட்ச்மேனை மூன்று முறை கொன்ற மிஷின்

தாயில்பட்டி,
12.9.2008, வெள்ளிக்கிழமை.

உயர்திரு ‘திகில் திங்கள்’ மாத நாவல் ஆசிரியர் அவர்களுக்கு,

தாயில்பட்டி பட்டாசு ஆபீஸ் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகப் போர்மேனாக இருக்கும் க. தங்கச்சாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி பொன்னுத்தங்கமும் சுகம். தங்கள் சுகத்தையும் விசாரிப்பதுதான் முறை. ஆனால் தாங்கள் அக்டோபர் மாதம் வெளியிடப்போகும் ‘எண் ஒன்பதுக்கு இரக்கமில்லை’ என்ற நாவலால் எனக்குக் கீழே வேலை பார்க்கும் நாற்பது பெண்களும் மூன்று நாளாக வேலைக்கு வராமல் நிற்பதால், தங்கள் சுகத்தைப் பிறகு விசாரித்துக்கொள்கிறேன்.

இன்னும் வெளிவராத நாவல் இவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பீர்கள். சிவகாசி அச்சகங்களில் மை இழுவிப் பாழாகிற தாளெல்லாம் லோடு லோடாக எங்கள் ஆபீசுக்குத்தான் வரும். அதைக் கிழித்துத்தான் வெடிக்குக் குழாய் சுற்றுகிறோம். சுற்றுகிறவர்களில் பாலம்மாள் எட்டாவது வரை படித்தவள். அவள் கை சுற்றிக்கொண்டே இருக்கும், வாய் வாசித்துக்கொண்டே இருக்கும். கல்யாணப் பத்திரிகையோ, இருமல் மருந்து லேபிளோ, பத்தாம் வகுப்பு வரலாறோ, எது வந்தாலும் சத்தம்போட்டு வாசிப்பாள். மற்ற முப்பத்தொன்பது பேரும் ‘ம்’ கொட்டிக்கொண்டே சுற்றுவார்கள். வேலை ஓடுகிறதே என்று நானும் கண்டுகொள்ளாமல் விட்டேன். அது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆகஸ்டு கடைசியில் உங்கள் நாவல் வந்து இறங்கியது.

வெட்டாத தாள் ஐயா அது! மடித்து வெட்டினால்தானே பக்கம் வரிசைக்கு வரும்? வெட்டாத தாளில் ஒன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் பதினாறு இருக்கும், அதற்கு மேலே எட்டும் ஒன்பதும் தலைகீழாக நிற்கும். பாலம்மாள் கண்ணில் பட்ட வரிசையிலேயே வாசித்துத் தள்ளிவிட்டாள். உங்கள் கதை என்ன? சக்ரா என்கிற கம்ப்யூட்டர் ஒரு தொழிற்சாலை கேட்டில் உட்கார்ந்துகொண்டு வேலைக்கு வருகிறவர்களின் கைரேகையைப் பார்க்கும், பிடிக்காத ஆளாக இருந்தால் ‘ப்ளீஸ் ட்ரை அகெய்ன்’ என்று பெண் குரலில் சொல்லும், மூன்றாவது தடவை சொன்னதும் கதவைச் சாத்தி ஆளை முடித்துவிடும். அம்புட்டுத்தானே? எங்கள் பெண்கள் கேட்ட கதையிலோ, அப்படிச் செத்த வாட்ச்மேன் பதினாறாம் பக்கத்தில் பிணமாகக் கிடக்கிறார், எட்டில் எழுந்து உட்கார்ந்து டீ குடிக்கிறார், ஒன்பதில் மறுபடியும் சாகிறார், ஐந்தில் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் புறப்படுகிறார், பன்னிரண்டில் அவரைப் போஸ்ட்மார்ட்டத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரே ஆளை மூன்று தடவை கொன்ற மிஷின், செத்தவனைக்கூட நிம்மதியாக விடாத மிஷின் என்று இவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

சரி, கதைதானே, நாலு நாளில் மறந்துபோகும் என்று இருந்தேன். இந்த நேரம் பார்த்தா எங்கள் முதலாளிக்குப் புத்தி இப்படிப் போக வேண்டும்? இருபது வருஷமாக நோட்டில் பேர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, போன செவ்வாய்க்கிழமை கேட் ரூமில் கைரேகை மிஷின் ஒன்றை மாட்டினார். பசையிலும் தாளிலும் உரசி உரசி எங்கள் பெண்களின் கட்டைவிரலில் ரேகை எங்கே இருக்கிறது? முதல் ஆளாகப் போன பத்திரகாளி விரலை வைத்தாள். ‘ப்ளீஸ் ட்ரை அகெய்ன்’ என்றது மிஷின். பெண் குரல்தான், அதிலும் கனிவான குரல். அவள் புரியாமல் இன்னொரு தடவை வைத்தாள். அதே பதில்.

“ஏ ஆத்தி, எடுடி கைய! ரெண்டு தடவ ஆயிருச்சு!” என்று பாலம்மாள் போட்ட சத்தத்தில் நானே இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

“ஏ தாயி, அது விருதுநகர்ல வாங்கின பெட்டி. அதுக்குக் கையும் கெடையாது, காலும் கெடையாது. அது ஒங்கள என்ன செய்யும்?” என்றேன்.

“சக்ராவுக்கு மட்டும் கையும் காலுமா இருந்துச்சு? நீங்க கதைய ஒழுங்காக் கேக்கலண்ணே” என்றாள் பத்திரகாளி. நாற்பது பேரும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள், அதில் முன்னால் போனது என் வீட்டுக்காரி.

வீட்டில் என் நிலைமையைச் சொல்லி மாளாது. பொன்னுத்தங்கம் மிக்ஸியைச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டாள், டிவியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். செல்போன் அடித்தால் என்னை மட்டும் வெளியே போய்ப் பேசச் சொல்கிறாள். மூன்று நாளாகச் சட்னி கிடையாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தீபாவளி சீசன் ஐயா! புதன்கிழமை லோடு கிளம்ப வேண்டும். முதலாளி கூப்பிட்டு, “தங்கச்சாமி, திங்கக்கெழம காலைல நாப்பது பேரும் உள்ள இருக்கணும். இல்லேன்னா நீரும் வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் என்னை எந்த ஆபீசில் சேர்ப்பார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது, வெட்கத்தை விட்டே சொல்கிறேன்.

வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். “கதைன்னா கடைசியில மிஷினு தோத்துத்தான் போகும்” என்றேன். “கடைசிப் பக்கத்தக் காட்டுங்க, வாறோம்” என்கிறார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பாழான தாள்தானே எங்களுக்கு வரும்? முதல் எண்பது பக்கத்திலும் மை இழுவின அச்சகத்துப் புண்ணியவான்கள், கடைசிப் பதினாறு பக்கத்தை மட்டும் ஒரு பொட்டுக்கூட இழுவாமல் அடித்துத் தொலைத்துவிட்டார்கள். நேரில் போய்க் கேட்டால், “எல்லாம் சென்னைக்குப் போயிருச்சு அண்ணாச்சி, இந்தத் தடவ வேலை சுத்தம்” என்று பெருமை வேறு.

ஆகவே இந்தக் கடிதம் கூரியரில் கிடைத்ததும், மிஷின் அழிந்தது என்று இரண்டே வார்த்தையில் எனக்குத் தந்தி கொடுக்கவும். தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று நம்புகிற ஊர் இது, உடனே நம்புவார்கள். ஒருவேளை கடைசியில் மிஷின் ஜெயிப்பதாகக் கதாசிரியர் எழுதியிருந்தால், அவரைப் பிடித்து உட்காரவைத்து மாற்றி எழுதச் சொல்லவும்.

தங்கள் வீட்டார் யாவருக்கும் என் வணக்கம். தங்கள் பத்திரிகை நூறு வருஷம் நடக்கட்டும். கதாசிரியருக்கும் வணக்கம்தான், கொஞ்சம் குறைத்துச் சொல்லவும்.

இப்படிக்கு,
க. தங்கச்சாமி, போர்மேன்.

பின்குறிப்பு (சனிக்கிழமை மத்தியானம்): கூரியர்க்காரர் கடை பூட்டியிருந்ததால் கடிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. தந்தி வேண்டாம். இன்று காலை முதலாளியே பெண்களை வரச்சொல்லி, “பயப்படாதீக, நான் வைக்கிறேன் பாருங்க” என்று வடை தின்ற விரலை மிஷினில் வைத்தார். ‘ப்ளீஸ் ட்ரை அகெய்ன்’ என்றது. அவர் மறுபடி மறுபடி வைக்க, பாலம்மாள் சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். மூன்று என்று அவள் சொன்னதும் முதலாளி கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றார். பத்து நிமிஷத்தில் மிஷினைக் கழற்றியாகிவிட்டது. நோட்டு திரும்ப வந்துவிட்டது, பெண்கள் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், என் வேலையும் தப்பியது. ஆனால் தீபாவளி முடிந்ததும் குழாய் சுற்றுகிறதற்கே ஒரு மிஷின் வருகிறது என்று கிளார்க் பிரபாகரன் சொல்கிறான். நாற்பது பேர் சுற்றுவதை அது ஒன்றே சுற்றுமாம், அதை மேய்க்கப் போர்மேனும் வேண்டாமாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். சக்ராவே ஜெயிக்கட்டும். குழாய் சுற்றும் மிஷின் ஒன்று வெறிபிடித்து ஆட்களையே குழாயாகச் சுற்றிவிடுவதாக உடனே ஒரு நாவல் எழுதச் சொல்லவும், பாழான தாள் தீபாவளிக்கு முன்னால் எங்களுக்கு வந்துசேர வேண்டும், முதலாளி காதில் விழுகிற மாதிரி பாலம்மாளை நானே வாசிக்கவைக்கிறேன். கதையில் முதலில் சாகிறவன் போர்மேனாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.