‘இங்க கொண்டா’ அம்மா

அம்மாக்களில் எத்தனையோ ரகம். கிண்ணமும் கையுமாகத் துரத்திச் சோறு ஊட்டுகிறவர், அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கைத் தன் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்கிறவர், இவர்களைப் பற்றியெல்லாம் வேறு யாராவது எழுதட்டும். நான் சொல்ல வந்தது ‘இங்க கொண்டா’ அம்மாவைப் பற்றி.

கண்டுபிடிப்பது சுலபம். குழந்தை கோந்து டப்பாவைத் திறந்தால் போதும், அடுக்களையில் இருக்கிற இவருக்குத் தெரிந்துவிடும். சும்மா பார்க்க வந்தவர்போல வந்து நிற்பார். பெருமூச்சு ஒன்று வரும். “நீயே பண்ணு, நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை” என்பார். அடுத்த நிமிஷம் கை நீளும். “இங்க கொண்டா.” அவ்வளவுதான், முடிந்தது கதை. பள்ளிக்கூடக் கண்காட்சியில் எரிமலை ஜோராகப் புகை விட, அதைச் ‘செய்த’ குழந்தை பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கிறதே, ஏன் என்று நினைத்தீர்கள்?

நான் திருவனந்தபுரத்தில் டீச்சர். பள்ளியின் கைட்ஸ், அதாவது சாரணியர் குழுவும் என் பொறுப்பு. பல பள்ளிகள் சேரும் எங்கள் முகாமின் கடைசி நாளில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பெண்ணும் தன் கையால் செய்த முப்பது குட்டி நினைவுப் பொருள்களை ஊக்கில் கோத்து எடுத்து வருவாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் போய் ஒன்றைக் கொடுத்து, அவளுடையதில் ஒன்றை வாங்கித் தன் ஸ்கார்ஃபில் குத்திக்கொள்வாள். காசு கிடையாது, வேண்டாம் என்று சொல்வதும் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை. ‘இதை எப்படிச் செய்தாய்?’ என்று வாங்குகிறவள் கேட்க வேண்டும், கொடுக்கிறவள் சொல்ல வேண்டும். கூச்சக்காரப் பெண்களுக்குப் பேச்சு அப்படித்தான் தொடங்கும்.

ஸ்ரீவராகத்து ஸ்நேகா சரியான கூச்சக்காரி. ஏழாம் வகுப்பு, முதல் முகாம். “ஒரு ஃப்ரெண்ட் கிடைச்சாலும் மதி, அதுவே போதும் டீச்சர்” என்று என்னிடம் சொல்லியிருந்தாள். எங்கள் ஊர்க் கோயிலில் பெண்கள் பொங்கல் வைக்கிற பொங்காலைப் பானையைச் செய்வது என்று அவளே யோசித்து வைத்திருந்தாள். பிஸ்தா ஓடு பானை, மூன்று மஞ்சாடி விதை அடுப்புக்கல், மேலே பொங்கி வழிய ஒரு துளி பஞ்சு. முதல் பானை சற்றே சாய்ந்துவிட்டது.

மீதியை அவள் அம்மா விஜயலக்ஷ்மியே போனில் பெருமையாகச் சொன்னார். “எப்படி ஒட்டியிருந்தா தெரியுமோ டீச்சர், பார்க்கச் சகிக்கலை. நாலு பேர் என்ன நினைப்பா? இங்க கொண்டான்னு வாங்கி, முப்பதையும் நானே முடிச்சுட்டேன். ஒவ்வொண்ணுலயும் சின்னதா கோலம் வேற போட்டிருக்கேன்.”

“ஸ்நேகா என்ன செய்தாள்?”

“அவளா? பஞ்சு எடுத்துக் கொடுத்தா.”

கடைசி நாள் வந்தது. பெற்றோரும் வரலாம் என்பதால் விஜயலக்ஷ்மி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாறசாலையிலிருந்து வந்த ராகேல் என்ற பெண் ஸ்நேகாவிடம் வந்தாள். அவள் கொண்டுவந்தவை ஐஸ்குச்சிப் படகுகள். ஒன்றுக்காவது பாய்மரம் நேராக நிற்கவில்லை.

“ஐயோ, என்ன அழகு. எப்பிடிச் செஞ்சே?”

ஸ்நேகா பானையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

“அம்மா பண்ணினா. நான் பஞ்சு எடுத்துக் கொடுத்தேன்.”

ராகேல் கேலி செய்யவில்லை. நியாயமாக யோசித்தாள். “அப்போ நான் உங்க அம்மைகூடத்தானே மாத்தணும்?”

நேராகப் போய் விஜயலக்ஷ்மியிடம் படகை நீட்டினாள். விஜயலக்ஷ்மிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிஸ்தா ஓட்டை எப்படித் தேய்த்தார், கோந்து எத்தனை சொட்டு, கோலத்துக்கு எந்தப் பிரஷ் என்று விளக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. விஷயம் பரவி வரிசை நின்றது. அரை மணி நேரத்தில் அவருடைய முந்தானையில் முப்பது ஊக்குகள், மகளுடைய ஸ்கார்ஃபில் ஒன்றுகூட இல்லை.

பொறுக்க முடியாமல் எழுந்தேன். ராகேலைக் கூப்பிட்டு, இரண்டு பேரையும் உட்கார வைத்து, என்ன பேசுவது என்றுகூட நானே சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று ஸ்நேகாவின் தோளில் கை வைத்தேன்.

“வேண்டாம் டீச்சர்,” என்றாள் அவள். “நானே போய்க் கேக்கறேன்.”

கையை எடுத்துக்கொண்டேன். எனக்குச் சுருக்கென்றது.

ஸ்நேகா போனாள். மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பலா இலை ஒன்றை எடுத்து, மடித்து, கிழித்து, ராகேலிடமே நூல் கடன் வாங்கிக் கட்டினாள். அது மீனாம். வால் ஒரு பக்கம் நீளம், கண் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. “எப்பிடிச் செஞ்சே?” என்று ராகேல் கேட்டதும் ஸ்நேகா சொல்லத் தொடங்கினாள். கால் மணி நேரம் சொன்னாள். அந்தப் பெண் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. ஸ்கார்ஃபில் ஒரு படகு ஏறியது.

ராகேல் மீனைத் தன் ஸ்கார்ஃபில் குத்திக்கொண்டாள், வயிறு மேலேயும் முதுகு கீழேயுமாக.

விஜயலக்ஷ்மியை நினைத்து நன்றாகச் சிரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் அந்த மீனை நேராகத் திருப்பிக் குத்திவிட வேண்டும் என்று இப்போது உங்கள் கை பரபரக்கிறது, இல்லையா? கையைக் கொஞ்சம் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.