வயிற்றால் போட்ட சர்வீஸ்

உலக நாகரிகம் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் களைத்து வந்து உட்கார்ந்த இடம் எங்கள் ஜார்ஜ் டவுன் தமிழர் டென்னிஸ் சங்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அதன் துணைக் காரியதரிசியாக இருக்கும் பாக்கியம் பெற்றவன் நான்.

எங்கள் உறுப்பினர் அய்யாக்கண்ணு, கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஒல்லியானவர். அவர் சர்வீஸ் போட்டால் பந்து வலையைத் தாண்டாது. ஆகவே யாரும் அவரை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை.

ஒரு மாலை, தனியே பழகுகையில், பந்தை மேலே எறிந்து மட்டையை ஓங்கிய நேரத்தில் அவருக்குப் பெருந்தும்மல் ஒன்று வந்தது. வயிறு இறுகியது, இடுப்பு சுழன்றது, பந்து வலையைத் தாண்டிப் பறந்து, தலைவர் தேனப்பன் மார்க்கெட் தெருவில் வாங்கிய புதுக் காப்பிக் கோப்பையை அவர் கையிலேயே உடைத்தது.

"கையில ஒண்ணும் இல்லண்ணே! எல்லாம் வயித்துலதான் இருக்கு!" என்று அய்யாக்கண்ணு குதித்தார்.

தலைவர் நனைந்த சட்டையோடு அவசரக் கூட்டம் கூட்டினார்.

"வயித்துக்காகக் கை வேலை செய்யுது, அதுக்குப் பேரு உத்தியோகம். கைக்காக வயிறு வேலை செஞ்சா அது ஒழுங்கீனம்லா!"

'வயிற்றாட்டம்' சங்கத்தின் கண்ணியத்துக்குக் குறைவு என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அய்யாக்கண்ணு கோட்டுக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டார்.

மனிதர் விடவில்லை. விடியற்காலையில் வீட்டுக் கொல்லையில் நின்று வயிற்றை இறுக்கி, இடுப்பைத் திருகி, 'ஹக்' என்று மூச்சை விட்டுப் பழகினார். மனைவி தெய்வானை ஓமத் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

"வயித்துவலி இல்ல தெய்வான, சர்வீஸ்."

"எந்தச் சர்வீஸா இருந்தா என்ன, குடிச்சிட்டுப் போங்க."

அந்தச் சமயத்தில்தான் கப்பல் கம்பெனியின் புதிய துரை எங்களோடு ஆட வந்தார். அந்தக் கம்பெனியில் தேனப்பன்தான் பெரிய கிராணி. எங்கள் வீரர்கள் துரையின் மட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கேயே பந்தைப் பணிவோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். துரை கொட்டாவி விட்டார். ஆடத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லையா என்று கேட்டார்.

அய்யாக்கண்ணு எழுந்தார். தலைவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு தம்பி! உன் வேலைய நெனச்சுப் பாரு. என் வேலையவும் நெனச்சுப் பாரு!"

அய்யாக்கண்ணு சட்டையை விடுவித்துக்கொண்டு கோட்டுக்குள் போனார். வயிற்றை இறுக்கி, 'ஹக்' என்று சர்வீஸ் போட்டார். அடுத்த கணம் துரையின் மட்டை புல்லில் கிடந்தது.

"வயித்துக் கோளாறு துரை, மன்னிக்கணும்!" என்று தலைவர் ஓடினார்.

துரையோ வாய்விட்டுச் சிரித்தார். எப்படி அடித்தாய் என்று கேட்டார். அய்யாக்கண்ணு தம் வயிற்றையும் இடுப்பையும் தொட்டுக் காட்டினார். இருள்கிற வரைக்கும் துரை அதைக் கற்றுக்கொண்டார்.

மறுவாரம் துரை எங்கள் சங்கத்தில் சொற்பொழிவு ஆற்றினார். சர்வீஸின் பலம் கையில் இல்லை, வயிற்றில் இருக்கிறது என்றார். நாங்கள் மெய்சிலிர்த்து எழுந்து நின்றோம். துரையவர்கள் கண்டறிந்த 'நடுவுடல் முறை'யை அனைவரும் பின்பற்றவேண்டும் என்று தலைவர் தீர்மானம் கொண்டுவந்தார். அது ஏகமனதாக நிறைவேறியது. செய்து காட்ட ஓர் ஆள் வேண்டுமென்று அய்யாக்கண்ணுவைக் கூப்பிட்டார்கள்.

அவர் போய் அடித்தார். பந்து போனது யார் கண்ணிலும் படவில்லை.

தலைவர் துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களா! துரை இப்பத்தான் சொல்லிக் குடுத்தாரு. அதுக்குள்ள இந்த மண்டுக்கே வந்துடுச்சே!"

அய்யாக்கண்ணு எங்களைப் பார்த்தார். நாங்கள் துரையைப் பார்த்துக் கைதட்டினோம்.