முருகன் ஆப்சென்ட்

பெங்களூரில் சாமிக்கே அட்டெண்டன்ஸ் எடுத்த ஒரே மனுஷி எங்கள் பி.டி. அக்காதான். சாமி முன்னால் உருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், உரிமையோடு சண்டை போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பேர் கூப்பிட்டு, பதில் வரும்வரை முறைத்துக்கொண்டு நின்றவர் இவர் ஒருவர்தான்.

மர்பி டவுனில் எங்கள் சந்து முனையில் ஒரு சின்ன முருகன் கோயில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே குழந்தைகளுக்கு பஜனை நடக்கும். அதை நடத்தியவர் அக்கா. பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு டீச்சர். பருத்திப் புடவை, அதன்மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், காலில் வெள்ளை கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். கோயில் வாசலில் ஷூவைக் கழற்றுவார், விசிலைக் கழற்ற மாட்டார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விசில் சத்தத்துக்குப் பயப்படாத மாப்பிள்ளை கிடைக்கவில்லை என்று என் அப்பா சொல்வார்.

நாங்கள் போனது பக்தியால் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. எங்களை அனுப்பிய அம்மாக்களுக்கு ஒரு மணி நேரம் வீடு அமைதியாக இருக்க வேண்டும், எங்களுக்குச் சுண்டல் வேண்டும். அக்காவுக்கு மட்டும்தான் முருகன் வேண்டும்.

அந்த முருகனை அக்கா அணுகிய விதம் வேறு. குட்டி விசில் அடித்தால் பாட்டு தொடங்க வேண்டும், நீட்டி அடித்தால் நிறுத்த வேண்டும், நடுவில் எந்த அடியில் இருந்தாலும் சரி. பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடும்போது முட்டிதான் மடங்க வேண்டும், முதுகு மடங்கக் கூடாது. உயர வரிசையில், ஒரு கை இடைவெளி விட்டு நின்றால்தான் கற்பூரம் ஏற்ற அனுமதி. ஒருமுறை குருக்களே தட்டோடு வரிசைக்குக் குறுக்கே வந்துவிட்டார். விசில் அலறியது. பாவம், மனுஷர் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். கற்பூரம்தான் அடங்காமல் எரிந்துகொண்டிருந்தது.

ஸ்ரீராம்புரத்தில் ஒரு பஜனைப் போட்டிக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தோம். நடுவர்கள் தலையைக்கூட ஆட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது பார்த்து பின்வரிசை ரவி ஒரு காலில் சாய்ந்து நின்றான். மேடையின் ஓரத்திலிருந்து நீட்டி ஒரு விசில். நாங்கள் பாட்டை அந்த இடத்திலேயே நறுக்கென்று நிறுத்தினோம். பரிசு வேறு யாருக்கோ போயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் ரவியின் அம்மா கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டார். அக்கா அசரவில்லை. கோணல் வரிசையில் பாடினால் பாட்டும் கோணலாகத்தான் போகும், முருகனுக்கு எங்கே போய்ச் சேரும் என்று திருப்பிக் கேட்டார்.

இனி அட்டெண்டன்ஸுக்கு வருகிறேன். பஜனை தொடங்கும் முன் எல்லார் பேரையும் மனப்பாடமாகக் கூப்பிடுவார். நாங்கள் படித்தது கன்னடத்திலும் இங்கிலீஷிலும். அதனால் இங்கே மட்டும் "உள்ளேன் அக்கா" என்று சுத்தத் தமிழில் பதில் சொல்ல வேண்டும். கூப்பிடும் முதல் பேர் முருகன். புதிதாக வந்த ஒரு பையனின் அப்பா இது சாமி குத்தம் என்று குருக்களிடம் போய் முறையிட்டார். குருக்கள் தயங்கித் தயங்கி வந்து கேட்டபோது அக்கா சொன்ன பதில் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"டீம்னு இருந்தா கேப்டன் பேரத்தான சாமி மொதல்ல கூப்புடணும்?"

குருக்கள் வந்த வழியே உள்ளே போய்விட்டார்.

முருகன் தானாக வாய் திறந்து பதில் சொல்ல மாட்டார் அல்லவா? அதனால் வாரம் ஒருவர் முறை வைத்து அவருக்காக "உள்ளேன் அக்கா" சொல்ல வேண்டும். அதற்குப் பேர் முருகன் டியூட்டி. சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அன்றைக்கு அந்த ஆள்தான் கேப்டன். எல்லாருக்கும் சுண்டல் கொடுத்துவிட்டுக் கடைசியில்தான் தனக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகுதான் கிளம்ப வேண்டும். கேப்டன் பாதியில் வீட்டுக்குப் போனதாக எந்த விளையாட்டிலும் இல்லை என்பார் அக்கா. சுண்டல் தீர்ந்து வெறும் தேங்காய்த் துருவல் மட்டும் மிஞ்சிய வாரங்களில் முருகன்மேல் எனக்குக் கோபமே வந்திருக்கிறது.

எங்கள் குழுவில் கோமதி என்று ஒருத்தி. எனக்கு உயிர்த் தோழி. அவளுடைய அப்பாவை ஒரு மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்கா எங்களைத் தினமும் சாயங்காலம் கூட்டி வைத்துப் பாட வைத்தார். அப்படி ஒரு நேரான வரிசையில் நாங்கள் அதற்கு முன்னும் நின்றதில்லை, பின்னும் நின்றதில்லை. ரவிகூட ஆடவில்லை. கோமதியின் அப்பா சனிக்கிழமை போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் ஞாயிறு. முருகன் டியூட்டி எனக்கு. அக்கா வழக்கம்போல முருகன் பேரைக் கூப்பிட்டார். கோமதி நின்றிருக்க வேண்டிய இடம் என் பக்கத்தில் காலியாக இருந்தது.

"வரலக்கா," என்றேன்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். குருக்கள் மணியைக் கீழே வைத்துவிட்டார். விசில் வரும் என்று காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். அக்கா கர்ப்பக்கிரகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலி இடத்தைப் பார்த்தார்.

"சரி. முருகன் ஆப்சென்ட்," என்றார். "அவன் வரலன்னா என்னா, நாம போவோம். லெஃப்ட் டர்ன்."

உயர வரிசையில், ஒரு கை இடைவெளி விட்டு, சாவு வீட்டுக்கு மார்ச் பண்ணிப் போன ஒரே பஜனைக் கோஷ்டி நாங்கள்தான். சந்தே வாயைப் பிளந்து பார்த்தது. அங்கே போய் அக்கா யாரையும் பாடச் சொல்லவில்லை. எங்களில் பெரியவர்களைத் தண்ணீர் பிடிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் விட்டார், சின்னதுகளைக் கோமதியைச் சுற்றி உட்கார வைத்தார். சாயங்காலம் கடைசியாகக் கிளம்பியது அவர்தான். அன்றோடு எனக்குச் சாமி போயிற்று. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனேன். சுண்டலுக்காக என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். அக்காவைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்பதுதான் நிஜம்.

வருஷங்கள் ஓடிவிட்டன. ரவி இப்போது ஐ.டி. கம்பெனியில் பெரிய ஆள், வாட்ஸ்அப்பில் சாமி இல்லை என்று நாள்தோறும் நிரூபித்துக்கொண்டிருப்பான். கோமதி ஆஸ்டின் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறாள், நிரூபிக்க அவளுக்கு நேரமில்லை. போன மாதம் எங்கள் மூன்று பேருக்கும் அக்காவிடமிருந்து போன். வயிற்றில் ஒரு கட்டி, புதன்கிழமை ஆபரேஷன், வயதைப் பார்த்தால் கொஞ்சம் பயம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். காலை ஏழு மணிக்கு வந்து பிரார்த்தனை பண்ண வேண்டும் என்றார். குரலில் விசில் இல்லை. அதுதான் எங்களைக் கலக்கியது.

ஆஸ்பத்திரி வாசலில் காபி குடித்துக்கொண்டே மூன்று பேரும் தர்க்கம் பண்ணினோம். இப்படிப்பட்ட நாளில் போய் அவரிடம் பொய்யாகக் கைகூப்புவதா என்றான் ரவி. இப்படிப்பட்ட நாளில் போய் உண்மை பேசுவதா என்றேன் நான். கோமதி டம்ளரை வைத்துவிட்டு, காபி ஆறுகிறது என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே ரிசப்ஷனில் பேஷண்ட் பேர் கேட்டார்கள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருஷமாக அவர் பேர் எங்களுக்குத் தெரியாது. போனிலும் பி.டி. அக்கா என்றுதான் போட்டு வைத்திருக்கிறோம். கடைசியில் ரவிதான் வெட்கத்தை விட்டு, கழுத்தில் விசில் போட்டிருப்பார்கள் என்று கன்னடத்தில் சொன்னான். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இரண்டாவது மாடி என்றாள். மாடியில் நர்ஸ்கள் உயர வரிசைப்படிதான் ரவுண்ட்ஸ் போகிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அக்கா பச்சை கவுனில், இளைத்துப்போய், வராந்தாவில் தள்ளுகட்டிலில் படுத்திருந்தார். நகையோடு சேர்த்து விசிலையும் கழற்றி வாங்கிவிட்டார்கள். அந்த வெறுங்கழுத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ரவி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அக்கா, ஒரு விஷயம், எங்களுக்கு வந்து, என்று ஆரம்பித்தான்.

"தெரியும்டா," என்றார் அக்கா. "மூணு பேருக்கும் சாமி கெடயாது. உங்கள யாரு நம்பச் சொன்னா? வரிசையில நில்லுங்க, போதும். எனக்குப் பயமா இருக்கு."

நின்றோம். இப்போது கோமதிதான் குள்ளம், முதலில் அவள். ஒரு கை இடைவெளிக்கு அந்த வராந்தாவில் இடமில்லை, தோள் உரசத்தான் நின்றோம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு பேர் கூப்பிட்டார்.

"முருகன்?"

என் முறைதானே அன்றைக்குப் பாதியில் நின்று போனது?

"உள்ளேன் அக்கா," என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆபரேஷன் மதியம்வரை போயிற்று. நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னபோது கோமதி அழுதாள், ரவி டாக்டரின் கையை விடவே இல்லை. செக்யூரிட்டி வந்து, "ஒப்ரே இர்பேக்கு" என்று கன்னடத்தில் சொல்லி, ஒருவர்தான் இருக்கலாம் என்று ஒற்றை விரலைக் காட்டிவிட்டுப் போனார். ரவியை ஆபீஸுக்கு அனுப்பினேன், கோமதியைக் கடைக்கு அனுப்பினேன். அவள் கொண்டுவந்த எலுமிச்சை சாத டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திறக்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் அக்கா கண் திறந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எல்லாரும் போயாச்சா?"

"போயாச்சுக்கா."

"நீ ஏன்டி போகல?"

"முருகன் டியூட்டி அக்கா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். மெல்ல உதடு அசைந்தது.

"அப்ப நேரா நில்லு."

டப்பாவை நாற்காலியில் வைத்துவிட்டு, குதிகாலைச் சேர்த்து நேராக நின்றேன். எனக்கு இன்றைக்கும் சாமி இல்லை. அக்கா இருக்கிறார்.