கொத்தமல்லி வாசம் வீசிய துளையுடலி

கட்டிய மனைவிமேல் பொய்ப் பழி சுமத்தியவன் நான். அதுவும் அவள் காபித் தட்டோடு எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது. காலமெல்லாம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவனுக்கு, பேசும்முன் ஒருமுறை திரும்பிப் பார்க்கத் தெரியவில்லை.

கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. மோட்டார் தண்ணீர் அதில் விழுந்து மரங்களுக்குப் போகும். விலங்கியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த என் மருமகள் கவிதா, ஒருநாள் அதற்குள் எட்டிப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“மாமா, இது பாசியில்லீங்க. ஸ்பாஞ்ச். துளையுடலி. கடல்ல குடமாட்ட, விசிறியாட்ட, கண்ணாடி நூல்ல பின்னுன கூடையாட்ட எத்தனையோ வகை இருக்குதுங்க. நல்ல தண்ணியில வாழறது கொஞ்சந்தான்.”

“இதுக்கு வாய் எங்க கண்ணு?”

“வாயில்லீங்க. வயிறு, மூளை ஒண்ணுமில்லீங்க. உடம்பு பூரா ஓட்டைதான். தண்ணிய உள்ள இழுத்து, சலிச்சுத் தின்னுட்டு, மிச்சத்த வெளிய விட்டுரும்.”

(மூளையில்லாமல் இத்தனை யுகம் பிழைத்த ஜீவன்மேல் எனக்கு உடனே ஓர் ஒட்டுதல் வந்தது.) அவள் காட்டிய இடத்தைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டினேன். மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. உயிரோடு, வளர்ந்த இடத்திலேயே பார்த்தால்தான் அதை ஆய்வுத் தலைப்பாகக் கவிதாவுக்குத் தருவார். இல்லையென்றால் எல்லாம் முதலிலிருந்து.

எங்கள் பக்கம் விருந்தாளி வருகிறார் என்றால் மாட்டுக் கொம்பு வரைக்கும் கழுவிவிடுவோம். கவிதா அவரை அழைத்துவரக் கோவைக்குப் போன காலையில், நான் தண்ணீரை வடித்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினேன். ஆய்வுப் பொருளைத் தொடக்கூடாது என்ற பொறுப்பு எனக்கு உண்டு. ஸ்பாஞ்ச் என்றால் பழுப்பாக, புசுபுசுவென்று இருக்கும் என்பது என் தீர்மானம். மூலையில் அப்படி ஒன்று இருந்தது. அதைப் பத்திரமாக விட்டுவிட்டு, சுவரில் அப்பியிருந்த பச்சையையெல்லாம் தேங்காய் நாரால் தேய்த்தெடுத்து மரத்தடியில் கொட்டினேன். பிறகு ப்ளீச்சிங் பவுடர் போட்டு ஒரு கழுவு.

என் மனைவி சரசு வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, அம்மணி காட்டுன பச்சையக் காணமே?”

“அந்த மூலையில இருக்குது பாரு.”

“அது தென்னை வேருங்க. செவுத்து வெடிப்புல வந்தது.”

அந்த இடத்தில் ஒரு மனிதன் கவிதாவுக்குப் போன் செய்திருக்கலாம். நான் சமையலறைக்குப் போனேன். குளிக்கிற ஸ்பாஞ்சைத் துண்டு போட்டு, காலையில் மிஞ்சிய கொத்தமல்லிச் சட்னியில் புரட்டி, தொட்டிச் சுவர் வெடிப்புகளில் செருகி, முழங்காலளவு தண்ணீர் விட்டேன். சரசு தலையில் கைவைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பேராசிரியை வந்ததும் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு குனிந்தார்.

“உருண்டை உருண்டையா ஜெம்யூல்கூட இருக்குது போலயே” என்றவர், ஒன்றை விரலில் எடுத்து மோந்தார். “கவிதா, இது கடுகு.”

துண்டை இழுத்தார். அடியில் கம்பெனி முத்திரை இருந்தது. கவிதாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“மாமா, தொட்டிய யாருங்க கழுவுனது?”

“உங்க அத்தைதான் கண்ணு. வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன். கேக்காமக் கழுவிப்போட்டா.”

எனக்குப் பின்னால் டம்ளர்கள் லேசாகக் குலுங்கின. “காபி எடுத்துக்கங்க” என்றாள் சரசு.

கையை நீட்டினேன். காலையிலிருந்து சொறிந்து சொறிந்து முழங்கைவரை சிவந்து தடித்திருந்தது. பேராசிரியை காபியை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார். “இதோட உடம்பு பூரா கண்ணாடி மாதிரி நுண்ணிய முள்ளுங்க சார். வெறுங்கையில தேச்சா இப்படித்தான் அரிக்கும்” என்றவர், தட்டைப் பிடித்திருந்த சரசுவின் கையையும் ஒருமுறை பார்த்தார். அந்தக் கை வழவழவென்றிருந்தது.

“நாந்தாங்க” என்றேன். “எதாச்சும் வழி இருக்குதுங்களா?”

இருந்தது. ஜெம்யூல் என்பது துளையுடலியின் அடியில் உருவாகும் மணல்போன்ற உருண்டையாம். உடல் செத்தாலும், வெயிலில் காய்ந்தாலும், அதற்குள் உயிர் உறங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் கிடைத்தால் விழித்துக்கொள்ளும். மூக்குக்கண்ணாடி போட்டு, கைகளில் பாலித்தீன் பை மாட்டி, மரத்தடியில் மண்டியிட்டேன். டீ வடிகட்டியால் அந்தக் குப்பையைச் சலிக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் கவிதாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பொறுக்கியதைக் கண்ணாடித் தட்டுகளில் கிணற்றுத் தண்ணீர் விட்டு வைத்தோம். முளைக்கிறதா என்று மழைக்காலம் வரை பொறுத்திருப்பதாகப் பேராசிரியை சொல்லிப் போனார். அதற்குள்ளேயே ஒரு தட்டில் நகக்கண் அளவுக்கு ஏதோ படர்ந்தது. கவிதாவுக்குத் தலைப்பு கிடைத்தது. இப்போது அவள் முனைவர்.

சரசுவிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லீங்க” என்றாள். (எங்கள் பக்கத்து மரியாதையில் இதைவிடக் கடுமையான சொல் கிடையாது.)

போன வாரம் மோட்டார் நின்றுவிட்டது. “யாரு கைவெச்சது?” என்று மகன் கேட்டான். நான் அந்தப் பக்கமே போகவில்லை. சரசு பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

“நாந்தான் கண்ணு. உங்கப்பா வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாரு.”