பென்னலூர் உள்ளரங்கக் கால்பந்தின் வளர்ச்சி

பென்னலூரில் ஓர் உள்விளையாட்டரங்கம் கட்டி முடிக்கப்பட்டபோது, அதற்குள் யாராவது விளையாட வந்துவிடுவார்கள் என்று பொறுப்பு அலுவலர் தேவநாதன் எதிர்பார்க்கவில்லை. ரிப்பன் வெட்டியாயிற்று, மாலை போட்டாயிற்று, வந்தவர்களுக்கு பாதாம் பாலும் கொடுத்தாயிற்று. அத்துடன் அரங்கத்தின் நோக்கம் இனிதே நிறைவேறிவிட்டதாக அவர் நினைத்திருந்தார்.

ஆனால் மாரிசெல்வம் வந்துவிட்டான்.

கோவில்பட்டிக்காரன். இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் தைக்கும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. காலை ஷிப்ட் முடிந்ததும் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பான். ஊர்ப் பொட்டலில்தான் அது நடந்துகொண்டிருந்தது. பிறகு பொட்டலில் கன்டெய்னர் லாரிகள் நிற்க ஆரம்பித்தன. லாரிக்கு அடியில் போன பந்தை எடுக்கக் குனிந்த பிள்ளை ஒன்று மயிரிழையில் தப்பியது. அன்றைக்கே எல்லோரையும் அரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அந்தப் பிள்ளைகளில் யுவஸ்ரீ தனி ரகம். ஒன்பதாம் வகுப்பு. அவள் இடது காலால் அடித்தால் கோல்கீப்பர் பந்தைப் பிடிக்க மாட்டாள், தலையைப் பிடித்துக்கொள்வாள். வருஷக் கடைசியில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பார்கள். இடம் கிடைத்தால் படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. அவளுடைய அம்மா உமாதேவி செல்போன் கம்பெனியில் லைனில் நிற்பவள். தன் மகள் அதே லைனில் வந்து தன் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது ஒன்றே அவள் வேண்டுதல்.

“பயிற்சி தாராளமா குடுங்க,” என்றார் தேவநாதன். “பந்து மட்டும் செவுத்துல படக் கூடாது. புது பெயின்ட்.”

“கோல் போஸ்ட்டு செவுத்த ஒட்டித்தான சார் நிக்கி?”

“அப்போ கோல் போடாதீங்க.”

“கோல் போடத்தான சார் படிக்காங்க?”

“படிக்கட்டும். படிக்கிறது வேற, போடுறது வேற. சட்டம் படிக்கிறவன்லாம் கொலையா பண்றான்?”

பொதுநலன் கருதி, கோலை நோக்கிப் பந்தை அடிக்கும் ஷூட்டிங் நிறுத்தப்பட்டது. பந்தைக் காலோடு தட்டிக்கொண்டு ஓடும் டிரிப்ளிங் மட்டும் நடந்தது.

அடுத்து தரைக்கு ஆபத்து வந்தது. மரப்பலகை போட்ட தரை. ஷூ கோடு போடுகிறது என்றார் தேவநாதன். பிள்ளைகள் ஷூவைக் கழற்றினார்கள். பந்தும் கோடு போடுகிறது என்றார். பந்துக்குத் தலையணை உறை மாட்டப்பட்டது. உறை மாட்டிய பந்து உருளவில்லை. கால் கட்டிய கோழி மாதிரி தத்தித் தத்திப் போயிற்று. பிள்ளைகள் அதன் பின்னாலேயே தத்தினார்கள்.

இந்த நிலையில்தான் சென்னையிலிருந்து ஜோயல் வந்தார். அரங்கத்தைக் கட்டிக்கொடுத்த கம்பெனி, பிள்ளைகளின் மனதைச் செழுமைப்படுத்துவதற்காக அவரை அனுப்பியிருந்தது. இரண்டு கையிலும் வாட்ச் கட்டியிருந்தார். தீயணைப்புக் கருவி அளவுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் குறையைக் கண்டுபிடித்தார்.

“பந்து இருக்கிறதாலதான் பிரச்சினை. எல்லார் கவனமும் பந்து மேலயே போகுது.”

“கால்பந்துல அது மேலதான சார் போகணும்?” என்றான் மாரிசெல்வம்.

“அது பழைய மெத்தட், ப்ரோ. பந்து மைண்ட்ல வரணும். வெளிய கிடக்கிற பந்தை யார் வேணா உதைக்கலாம்.”

தேவநாதன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவர் கையைக் குலுக்கினார். தரைக்கும் சுவருக்கும் சேதாரம் இல்லாத ஒரு விளையாட்டுக் கொள்கையை அவர் தம் பணிக்காலத்தில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார். பந்து உடனடியாக பீரோவில் வைத்துப் பூட்டப்பட்டது.

விஷயம் கேள்விப்பட்டு உமாதேவி யூனிஃபார்மோடு வந்து நின்றாள்.

“இன்னா சார் இது? பந்து இல்லாம இன்னாத்த உதைக்கிறது? எம்பொண்ணு வாழ்க்கையே இதுல கீது சார்!”

ஜோயல் கோபப்படவில்லை. யுவஸ்ரீக்கு ஆட்டத்தை அளக்கும் கருவி பொருத்திய ஒரு கறுப்பு பனியனை மாட்டி ஓடவிட்டார். அதிலிருந்து வந்த கணக்கைத் தம் போனில் காட்டினார். “பாருங்க ஆன்ட்டி. முன்னாடி எத்தனை தடவை பந்தை விட்டா? இப்போ ஒரு தடவைகூட விடல. கிராஃப் பச்சையா ஏறுது.”

உமாதேவி போனை வாங்கி உற்றுப் பார்த்தாள். அவள் கம்பெனியிலும் அப்படித்தான். லைனில் விளக்கு பச்சையாக எரிந்தால் சூப்பர்வைசர் கத்தமாட்டார்.

“பச்சையா கீதா? அப்போ சரி,” என்றாள். போகும்போது கறுப்பு பனியனோடு மகளை ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள். அதைப் பார்த்த மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஏன் பனியன் இல்லை என்று சண்டைக்கு வந்தார்கள். பந்து ஏன் இல்லை என்று கேட்க அதன் பிறகு ஆள் இல்லை.

மாரிசெல்வம் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தான். விட்டால் பிள்ளைகள் மறுபடி லாரிக்கு அடியில். விடுதிக்கான தேர்வும் இதே அரங்கத்தில், தேர்வாளர்களில் ஒருவர் ஜோயல். பல்லைக் கடித்துக்கொண்டு, “ஆடுங்க பிள்ளைகளா,” என்றான்.

“எதண்ணா தட்டிகினு போறது?” என்று யுவஸ்ரீ கேட்டாள்.

“கால்ல இருக்குன்னு வச்சுக்கோ தாயி.”

வைத்துக்கொண்டாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம் வந்தது, பிறகு பழகிவிட்டது. ஒருநாள் மாரிசெல்வம் தன்னை மறந்து, “ஏ பிள்ள, பந்து ஒன்ன விட்டு எம்புட்டுத் தூரம் போகுது பாரு!” என்று கத்தினான். யுவஸ்ரீயும், “சாரிண்ணா,” என்று ஓடிப்போய்ப் பந்தைக் காலுக்கு அடக்கினாள்.

தேர்வு நாள் வந்தது. எதிரணி மறைமலை நகர். அங்கேயும் ஜோயல்தான் பயிற்சி. மேலதிகாரி ஒருவர் சோபாவில் அமர்த்தப்பட்டார். நடுவர் வெறுந்தரையைக் குனிந்து பார்த்துத் திருப்தியடைந்து விசில் ஊதினார்.

பின்வரிசையில் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. மறைமலை நகர்ப் பிள்ளை ஒருத்தி யுவஸ்ரீயை இடித்துவிட்டு ஓடும் வரைக்கும்தான் அது. “பந்தப் புடுங்கிகினு போறா! ஃபவுலு!” என்று உமாதேவி நாற்காலி மேல் ஏறினாள். “பந்து அவுட்டு, உன் பொண்ணு கோட்டத் தாண்டிட்டா!” என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பன் எழுந்தார். இருவருக்கும் நடுவில் தேவநாதன் நுழைந்து, கோட்டில் பட்ட பந்து அவுட் ஆகாது என்று விதியை விளக்கினார்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியும் தருவாயில் மாரிசெல்வம் கோட்டுக்குள்ளேயே ஓடிவந்துவிட்டான். “கையில பட்டுருச்சு சார்! நா என் கண்ணால பாத்தேன்!”

நடுவரும் பார்த்திருந்தார். பெனால்டி.

யுவஸ்ரீ பந்தை வைத்தாள். சரியாக நிற்கவில்லை போல, மறுபடி எடுத்துத் திருப்பி வைத்தாள். பின்னால் நடந்து, ஓடிவந்து, இடது காலால் அடித்தாள். கோல்கீப்பர் வலது பக்கம் பாய்ந்தாள். அத்தனை கழுத்துகளும் ஒன்றாக இடது பக்கம் திரும்பின, ஒன்றாக மேலே உயர்ந்தன.

யுவஸ்ரீ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது. உள்ளே போயிற்று என்று அவள் குதித்திருந்தால் மறுக்க ஒருவரிடமும் ஆதாரம் இல்லை. ஆனால் அவள் நேர்மையான பெண்.

மறைமலை நகர் கோல்கீப்பருக்கு விடுதியில் இடம் கிடைத்தது. இடது பக்கம் வந்த பந்தை வலது பக்கத்தில் இருந்துகொண்டே மனவலிமையால் மேலே தூக்கிவிட்டதாக மேலதிகாரி பாராட்டினார்.

வெளியே வந்து யுவஸ்ரீ தேம்பித் தேம்பி அழுதாள். அந்த அழுகை மட்டும் மைண்டில் வந்ததல்ல.

“எத்தினி வாட்டி சொன்னேன், கீழயே அடிடின்னு!” என்று உமாதேவியும் அழுதுகொண்டே அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

மாரிசெல்வம் குறுக்கே வந்து தடுத்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

“பிள்ளய வையாதீங்கக்கா. அவ அடிச்சது சரிதான். பந்துல காத்து கூட. அதான் எந்திரிச்சிருச்சு.”

அத்தனை பெற்றோருக்கும் உண்மை அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகளின் எதிர்காலத்தோடு விளையாடிவிட்டார்களே! மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அரங்கத்தின் வாசலில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது. தேவநாதன் வெளியே வந்து கைகூப்பினார். தவறுதான், இனி நடக்கிற ஆட்டங்களில் பந்தின் காற்றைத் தாமே நேரில் நின்று குறைத்துத் தருவதாக எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

“பாத்துக்கோ,” என்று மகளின் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள் உமாதேவி. “வாயத் தொறந்து கேட்டாத்தான் கவர்மென்ட்டுல எதுனா நடக்கும்.”