மேல்மண் எடுத்த பக்கெட் சார்

கத்தரி நாற்று நடுவதற்கு ஆள் உயரக் குழி வெட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் நெய்வேலியில், எங்கள் தெருவிலேயே குடியிருந்து தொலைக்கிறார். பெயர் பக்கெட் சார். அப்பா அம்மா வைத்த பெயர் பென்ஷன் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது.

மைன்ஸில் ராட்சதச் சக்கரத்தைச் சுழற்றி மண் அள்ளும் இயந்திரத்தை முப்பது வருஷம் ஓட்டியவர். சக்கரத்தில் மாட்டியிருக்கும் பக்கெட் ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பமே உட்காரலாம் என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயரைச் சம்பாதித்தார். நிலக்கரிக்கு மேலே கிடப்பதெல்லாம் அவருக்குக் குப்பை. சாதத்தைக்கூட மேலே இருப்பதை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்துதான் போட்டுக்கொள்கிறார் என்று அவர் மனைவி என்னிடம் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார்.

பழைய குவார்ட்டர்ஸை இடித்த காலிமனை ஒன்றைத் தோட்டம் போட எட்டுப் பேர் சேர்ந்து மைன்ஸ் நிர்வாகத்திடம் கெஞ்சி வாங்கினோம். பொங்கலுக்குள் பச்சை தெரிந்தால் தோட்டம், இல்லாவிட்டால் கார் ஷெட் என்பது நிபந்தனை. எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. கொளஞ்சியம்மாவுக்கு அப்படியில்லை. நான் பாடம் நடத்தும் பள்ளியில் ஆயா வேலை பார்ப்பவர். கம்மாபுரம் பக்கம் இருந்த நிலம் மைன்ஸுக்குப் போய், இப்போது பக்கத்து ஊரான வடக்குத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். கையில் மண் படாமல் சோறு இறங்கவில்லை என்று சொல்லித்தான் எங்களோடு சேர்ந்தார். மூன்று மாதம் சாணியும் சருகும் சுமந்து போட்டு அந்த மண்ணைப் பொலபொலவென்று ஆக்கியதும் அவர்தான்.

பக்கெட் சார் உதவ வந்த முதல் நாளே எங்கள் தலையெழுத்து தெரிந்துவிட்டது. ஆளுக்கொரு ஹெல்மெட் கொடுத்தார். கோரைப்புல் பிடுங்குவதற்கு முன் விசில் ஊதி எல்லோரையும் இருபதடி தள்ளி நிற்க வைத்தார்.

"சார், இது புல்லு சார்!" என்றேன்.

"ஆக்சிடென்ட் ஆனவன் எல்லாம் இப்படித்தான் டீச்சர் பேசினான்."

ஒரு ஞாயிறு நானும் கொளஞ்சியம்மாவும் நாற்று வாங்கப் பண்ருட்டிக்குப் போனோம். மத்தியானம் திரும்பி வந்தால் தோட்டத்தைக் காணோம். தெரிந்தவரிடம் பொக்லைன் இரவல் வாங்கி மனை முழுக்கத் தோண்டியிருந்தார். அடியில் வெளுத்த களிமண். நடுவில் ஹெல்மெட்டோடு நின்று சிரிக்கிறார்.

"மேல கெடந்த வேஸ்ட் மண்ணைப் பூரா டிராக்டர்ல ஏத்தி அனுப்பிட்டேன் டீச்சர். இனிமே நட வேண்டியதுதான்!"

என் வாயில் வந்ததைப் பத்திரிகையில் போட மாட்டார்கள். கொளஞ்சியம்மா நாற்றுக் கட்டோடு குழியோரம் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க நெலத்தையும் இப்பிடித்தாங்க எடுத்தாங்க. மிஷின்ல ஒக்காந்துகினு இருந்தது யாருன்னு அப்போ தெரியல."

பக்கெட் சார் ஹெல்மெட்டைக் கழற்றினார். "உங்க நிலம் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். கொளஞ்சியம்மா இடத்தைச் சொன்னார். அவர் மிஷின் ஓட்டிய அதே பக்கம்; பக்கெட் சார் ஹெல்மெட்டைக் குழியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலை சைக்கிளும் சாக்குமாகக் கிளம்பினார். டிராக்டர்காரர் ரோட்டோரப் பள்ளத்தில் கொட்டியிருந்த மண்ணைச் சாக்குச் சாக்காகத் திருப்பிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு சாக்கையும் இறக்கிவிட்டு மூச்சு வாங்கக் கேட்பார்.

"அம்மா, இது மேலயா, கீழயா?"

கொளஞ்சியம்மா கையை மட்டும் காட்டுவார்.

பொங்கல் வந்தது. பச்சை வரவில்லை. பார்வையிட வந்த அதிகாரி முன்னால் பக்கெட் சார் கைகூப்பி நின்றார். "முப்பது வருஷம் தோண்டினவன் சார். மூடிப் பழக்கமில்லை. ரெண்டு மாசம் மட்டும் குடுங்க."

ஷெட்டுக்கான கம்பி அதற்குள் வந்து இறங்கிவிட்டது. எங்கள் குழுவில் ஐந்து பேர் அன்றே வாட்ஸ்அப்பிலிருந்து விலகினார்கள். நானும் விலகியிருப்பேன். கொளஞ்சியம்மா முகத்தைப் பார்த்த பிறகு மனசு வரவில்லை. செடி ஒன்றுகூட நட முடியாமல் போன தோட்டத்துக்காக அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அழுதேன்.

சிமென்ட் போடுவதற்குள் பக்கெட் சார் அந்த மேல்மண்ணை மறுபடி சாக்கில் அள்ள ஆரம்பித்தார். இந்த முறை வடக்குத்துக்கு. கொளஞ்சியம்மா வீட்டுப் பின்புறம் இரண்டு கட்டில் அகலத்துக்கு இடம், அதிலும் கல்லும் கப்பியும்தான். அதன்மேல் கொட்டினார். கடைசிச் சாக்கு இறங்கிய அன்று நானும் அங்கே இருந்தேன்.

"இன்னும் எவ்வளவும்மா வேணும்?" என்று கேட்டார்.

கொளஞ்சியம்மா அவரை நேராகப் பார்த்தார். "எங்களுது மூணு காணிங்க."

ஒரு காணியே ஏக்கருக்கு மேல். பக்கெட் சார் "சரிம்மா" என்று காலிச் சாக்கை உதறி மடித்தார்.

"சார், ஏழு ஜென்மம் ஆகும்!" என்று கத்தினேன்.

"அப்ப சீக்கிரம் கெளம்பணும் டீச்சர்."

சைக்கிளில் ஏறும்போது பெடலைத் தவறவிட்டார். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போய், சைக்கிள் சாயாமல் பின்னால் பிடித்துக்கொண்டேன்.